பிரைமர் பிடிக்காத கார்

எனக்கு வாய் சும்மா இருக்காது. தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு அளவெடுத்த கையோடு, அடைத்துப்போன குழாய்க்கு என்ன செய்யலாம், அழுகிற குழந்தையை எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று யோசனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். பலித்தால், "டெய்லரம்மா சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள். பலிக்காவிட்டால் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அப்படி நான் வாரி வழங்கிய ஒரு யோசனைதான் பக்கத்து வீட்டுப் பெயிண்டர் அண்ணனைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். வெளிச்சத்துக்காக என் மெஷினைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தூக்கினால் அவர்கள் கொல்லை முழுக்கக் கண்ணில் விழும். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அது தானாகத் தெரிகிறது, நான் என்ன செய்ய?

அண்ணன் இருபத்தாறு வருஷம் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். முப்பதடி பஸ்ஸின் ஒரு பக்கத்தை முன்னாலிருந்து பின்னால் வரை ஒட்டுத் தெரியாமல் அடித்து முடிப்பாராம். அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்; அவளை அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் தன்னைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. போன வருஷம் அடுத்தடுத்து இரண்டு பஸ்ஸில் பெயிண்ட் சரியாக வரவில்லை. ஏன் என்று யாரும் பார்க்கவில்லை. புதிதாக வந்த மேனேஜர், "பெரியவருக்குக் கை போயிடுச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, பட்டி தேய்க்கிற எடுபிடிகளோடு உட்கார வைத்துவிட்டான். நாலு நாள் தேய்த்தார். ஐந்தாம் நாள் தன் ஸ்ப்ரே கன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த மனிதர் உட்கார்ந்தால்தானே? நன்றாக இருந்த கதவைக் கழற்றி மாட்டினார். சொட்டாத குழாயைப் பிரித்துச் சொட்ட வைத்தார். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு ஆஸ்பத்திரி லாண்டிரியில் வேலை. காலையில் பத்து மணிக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள்.

"நான் வேலைக்குப் போனப்புறம் இந்த மனுஷன் வீட்டையே பிரிச்சு வச்சிருவாரோன்னு பயமா இருக்குடி" என்றாள் ஒரு நாள்.

"பிரிக்கிறதுக்கு ஏதாவது கொடு அக்கா. கொல்லையில உன் கூடப்பிறந்த அண்ணன் காரு கிடக்குதே" என்றேன்.

அதுவும் நான்தான்.

பதினோரு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த கார் அது. அக்காவின் அண்ணன் பிழைக்க வேறு ஊர் போனபோது, "வந்து எடுத்துக்கிறேன்" என்று நிறுத்திவிட்டுப் போனவர், "நீங்களே வச்சுக்கங்க" என்று பிறகு சொல்லிவிட்டார். உருண்டை விளக்கும் குண்டு உடம்புமான பழங்காலத்து வண்டி. தார்ப்பாயை உருவிய அன்று உள்ளே ஏறப் பார்த்த அண்ணனின் கால், தரைத் தகடு வழியாக மண்ணில் போய் நின்றது. நான் இங்கே விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு களை தெரிந்தது.

மூன்று மாதம் வேலை நடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் வண்டி முழுக்கக் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கின இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெல்டரைக் கூப்பிட்டு வந்து வட்டங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். தட்டினார், தட்டினார், அப்படித் தட்டினார். மிச்சமிருந்த பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுக் கையாலேயே தேய்த்து எடுத்தார். அந்தத் தூசி பறந்து வந்து, நான் தைத்து வைத்திருந்த ஆறு வெள்ளைச் சட்டையில் படிந்தது. சுவரருகே போய் நின்று அரை மணி நேரம் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்து எந்தப் பக்கம்னு பார்க்காம தேச்சது என் தப்புதாம்மா" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

இந்தச் சமயத்தில்தான் ஷெட்காரர் வந்தார். பழைய கார்களைச் சீர்செய்து கொடுக்கிற ஷெட் வைத்திருக்கிறவர். வெல்டர் சொல்லிக் கேள்விப்பட்டாராம். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, தகட்டை நகத்தால் வருடிப் பார்த்தார்.

"தகர வேலை பிரமாதம். ஆனா எனக்கு வேண்டியது பெயிண்டர். நீங்க பட்டறையை விட்டு வந்த காரணமும் காதுல விழுந்துச்சு. ஒளிச்சுப் பேசி என்ன ஆகப்போவுது?"

"சரிதான்" என்றார் அண்ணன்.

"இதுக்குப் பிரைமர் அடிச்சு வைங்க. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வர்றேன். அது ஒழுங்கா ஒட்டி நின்னிருந்தா திங்கக்கிழமையே ஷெட்டுக்கு வந்துடுங்க."

அவர் போனபிறகு அண்ணன் காரைச் சுற்றி நடந்தார். எனக்குத் தெரிந்து முப்பது சுற்று. அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வெள்ளி மாதிரி தேய்த்து வைத்துவிட்டுப் போன தகடு, விடிந்து பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும். மேலே தகரக் கூரை போட்டும் ஈரக்காற்றை யார் தடுக்க முடியும்? தினமும் காலையில் முந்தின நாள் வேலையையே திரும்பச் செய்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெயிண்டுக்கு அடியில் பூசுகிற இந்தப் பிரைமரை அடிக்க வேண்டுமானால் வண்டி முழுக்க ஒரே நேரத்தில் வெறும் தகடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் துரு ஏறினால் என்ன செய்வார்? இதில் இன்னொரு சட்டமும் போட்டிருந்தார்: தேய்த்த தகட்டை யாரும் தொடக்கூடாது, விரல் வேர்வை பட்டால்கூடத் தடம் விழுமாம்.

ஒருநாள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "ராத்திரியெல்லாம் தூங்கலைடி. எந்திரிச்சு எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பார்க்கிறாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுக்கா அழுற? உங்க வீட்டு இரும்புச் சட்டியைக் கழுவிட்டு என்ன பண்ணுவ?"

"துடைச்சு லேசா எண்ணெய் தடவி வைப்பேன்."

"என் மெஷினுக்கு நான் என்ன பண்றேன்? எண்ணெய் விடலைன்னா ரெண்டே நாள்ல துரு. அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. காட்டியும் காட்டாம ஒரு தடவு தடவி, காஞ்ச துணியால துடைச்சு விடு. அவருக்குத் தெரியவே தெரியாது."

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே?"

"கையால தொடாதே. துணியாலதானே துடைக்கப் போற?"

எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்! என் வக்கீல் பேச்சில் அக்கா மயங்கிவிட்டாள். மறுநாள் முதல் சாயங்காலம் வேலைக்குப் போய் வந்ததும் ஒரு தடவை, விடியற்காலையில் அவர் எழுவதற்கு முன்னால் ஒரு தடவை, சமையலறை எண்ணெயைத் துணியில் நனைத்துக் கார் முழுக்கத் துடைத்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அத்தனை பதவிசு. துரு நின்றது. மூன்றாம் நாள் அண்ணன் காரைத் தட்டிக் கொடுத்து, "தகரம் அடங்கிடுச்சு" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் கண் ஜாடை காட்டிச் சிரித்தோம்.

முதல் பிரைமரை ஒரு வியாழக்கிழமை அடித்தார். காற்று கிளம்புவதற்கு முன்னால் காலையில்தான் அடிக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே பிசுக்குப் போகத் தின்னர் போட்டு வண்டி முழுக்கத் துடைத்திருந்தார். கம்ப்ரசர் ஓடியது. கன்னைப் பிடித்து அவர் நடந்த நடையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கை தனியாக வீசவில்லை. ஆளே ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

ஒரு கதவு முடிந்தது. இரண்டாம் கதவுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார். முதல் கதவில் பிரைமர் அங்கங்கே விலகிக் குட்டிக் குட்டிக் குழியாகத் திறந்துகொண்டிருந்தது. அம்மைத் தழும்பு மாதிரி, கதவு முழுக்க. அவர் கன்னைக் கீழே வைத்தார்.

அக்கா வெளியே ஓடி வந்தாள். "என்னாச்சுங்க?"

"யாராவது தகட்டைத் தொட்டீங்களா?"

"நான் ஏங்க தொடப்போறேன்?"

சத்தியமாக அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் துடைப்பது வேறு, தொடுவது வேறு. அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

எல்லாவற்றையும் தின்னர் போட்டு வழித்து எடுத்தார். மறுபடி தேய்த்தார். கம்ப்ரசரைப் பிரித்துப் பார்த்தார், ஹோஸை மாற்றினார். திங்கட்கிழமை இரண்டாம் தடவை அடித்தார். அதே குழி. மறுபடி வழிப்பு, மறுபடி தேய்ப்பு. வேறு கடையில் வேறு பிரைமர் வாங்கி வந்து வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை அடித்தார். அன்று அக்கா லீவு போட்டுவிட்டு அடுப்படியில் கும்பிட்ட கையோடு நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

குழி விழுந்தது. அண்ணன் கத்தவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. நேரே சுவரருகே வந்து என் ஜன்னலைப் பார்த்து நின்றார். அவராக வந்து என்னிடம் பேசுவது அபூர்வம்.

"ஒரு நல்ல தொழில்காரன் கடைசியில எப்படி முடியறான்னு பார்த்தியாம்மா?"

"என்ன அண்ணே பேச்சு இது? பெயிண்ட்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"ரெண்டு கடை பெயிண்ட் பார்த்தாச்சு. இப்படிக் குழி விழுந்தா ஒண்ணு எண்ணெய் இருக்கணும், இல்லன்னா அடிக்கிற கை சரியில்ல. துளி எண்ணெய் போதும், பெயிண்ட் ஒதுங்கி ஓடும். கம்ப்ரசர்ல எண்ணெய் இல்ல. ஹோஸ் புதுசு. தகடு நானே தின்னர் போட்டுத் துடைச்சது. அப்போ என்ன மிச்சம்? கைதான். அந்த மேனேஜர் பயல் சொன்னது சரிதான் போல."

எண்ணெய்! கல்யாணத் துணியில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சாயம் பிடிக்காது, சாக்பீஸ்கூடப் பிடிக்காது. இருபது வருஷமாக அதற்குப் பயந்து தைக்கிறவள், ஒரு நிமிஷம் யோசித்தேனா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி, யாரோ ஒருவருடைய கை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே போனதும் அக்காவைச் சுவரருகே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீதானேடி சொன்ன?"

"நான்தான் சொன்னேன். என் வாயில கொள்ளியை வை. இப்போ நான் சொல்றதைக் கேளு. இனிமே எண்ணெய் தடவாதே. யார்கிட்டயும் மூச்சு விடாதே. அடுத்த தடவை பிரைமர் தானா நிக்கும். அவருக்கும் கை திரும்ப வந்துடுச்சுன்னு சந்தோஷம். நமக்கும் மானம் மிச்சம்."

பாவி, அப்போதும் யோசனைதான் சொன்னேன். அக்கா உள்ளே போனாள்.

ஆனால் அடுத்த தடவை என்று ஒன்று இருக்கப்போவதில்லை. அன்று மத்தியானமே அண்ணன் ஷெட்காரருக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வர வேணாங்க, வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். கன்னைத் துடைத்துத் துணியில் சுற்றினார். "வெல்டர் தம்பி பெயிண்ட் கத்துக்கணும்னு சொன்னான், கொடுத்துடு" என்று அக்காவிடம் நீட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. உட்காரவே மாட்டாத மனிதர், படுத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "வா. ரெண்டு பேரும் சொல்லிடுவோம். அடிச்சா அடிக்கட்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். அக்கா எதையும் விடாமல் சொன்னாள்: எந்த எண்ணெய், எந்தத் துணி, எத்தனை மணிக்கு என்று. "யோசனை என்னது அண்ணே, அக்கா மேல தப்பில்ல" என்று நானும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"என்னைத் தேத்துறதுக்காக ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

"ஐயோ, இல்லைங்க! சத்தியமா தடவினேங்க."

"எண்ணெய்தான் காரணம்னு காலையில டெய்லரம்மாகிட்ட நான்தான் சொன்னேன். சாயங்காலம் நீங்க எண்ணெயோட வந்து நிக்கிறீங்க. எனக்கென்ன விவரம் தெரியாதா? முதல் நாள் கேட்டப்போ தொடலைன்னு சொன்னியே. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

உண்மையைச் சொன்னாலும் பொய்யாகிற நிலையில் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

"விடு" என்றார் அவர். "உன் மேல கோவம் இல்ல. உன் நல்ல மனசு எனக்குத் தெரியும்." திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. நானும் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மழை இல்லை. நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் அக்கா தனியாக டிக்கி மூடியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து இரண்டு ஸ்டூல் மேல் வைத்தாள். சுவரைத் தாண்டிக் குதித்தேன்; இந்த வயதில் அது எனக்குத் தேவையா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"என்ன பண்ற அக்கா?"

"அந்தப் பக்கம் பிடி. வாயை மூடிக்கிட்டுப் பிடி."

அதில் முந்தின நாள் அடித்திருந்த பிரைமரை முழுக்க வழித்து, தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்தோம். அவர் செய்ததைத் தினமும் பார்த்தவர்கள்தானே? பிறகு அவள் சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு போட்டாள். சமையலறையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு வந்து, கோட்டுக்கு இடப்பக்கம் மட்டும் தடவி, வழக்கம்போலக் காய்ந்த துணியால் துடைத்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். வெல்டருக்குக் கொடுக்கச் சொன்ன கன்னைத் துணியிலிருந்து பிரித்தாள். குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான். கன்னை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிரைமரை ஊற்றும்போது பாதி தரைக்குப் போயிற்று. கம்ப்ரசர் ஸ்விட்சை நான் போட்டேன்.

அது கிளம்பின சத்தத்தில் காகமெல்லாம் பறந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரது? பிரஷர் அதிகம்!"

அவள் நிறுத்தவில்லை. கோலம் போடுகிற மாதிரி மேலும் கீழும் அடித்தாள். ஒரு இடத்தில் ஆறாக வழிந்தது, இன்னொரு இடத்தில் தகடு அப்படியே தெரிந்தது. என் மேல் பாதி, டிக்கி மேல் பாதி.

"பிரஷரைக் குறைங்கடா! கன்னை யாரு எடுத்தது?" அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அக்காவின் கையில் கன்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"வந்து பாருங்க" என்றாள் அக்கா. "நான் பொய் சொல்றேனா இல்லையான்னு நீங்களே வந்து பாருங்க. இந்தப் பக்கம் எண்ணெய் தடவினது. அந்தப் பக்கம் தடவாதது."

அவர் வந்து குனிந்தார். கோட்டுக்கு இடப்பக்கம் பிரைமர் விலகிக் குழி குழியாகத் திறந்தது. மூன்று தடவையும் விழுந்த அதே குழி. வலப்பக்கம் கேவலமாக வழிந்திருந்தது. திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. ஆனால் ஒரு குழி இல்லை.

விரலை நீட்டி இடப்பக்கம் தொட்டார், வலப்பக்கம் தொட்டார். "அடிப்பாவி" என்றார் மெதுவாக. "காரு முழுக்கவா?"

"காரு முழுக்கங்க."

"தினமுமா?"

"ரெண்டு வேளையும்."

அவர் அப்படியே டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றினார். ஈரப் பிரைமர் உள்ளங்கையில் அப்பியது, கவனிக்கவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "பத்து நாளா என் கையையே சந்தேகப்பட்டேனேடி" என்று சொன்னபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது. அக்கா அவரைத் தொடப் பயந்து கன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, அழுகை வந்தது.

"ஷெட்காரர் வேற ஆளைப் பார்த்திருந்தா?" என்றாள் அக்கா விசும்பிக்கொண்டே.

"பார்த்திருந்தா பார்த்துட்டுப் போறான்." முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். அவள் அடித்த வலப்பக்கத்தை மறுபடி பார்த்தார். அந்த வழிசலை, அந்தத் திட்டுகளை. அவருக்குப் பொறுக்கவில்லை. முகமே சுளித்தது.

"இதுக்குப் பேரு அடிக்கிறதா? மணிக்கட்டை ஆட்டி ஆட்டி அடிச்சா இப்படித்தான் வழியும். கொடு இங்க."

அக்கா கொடுத்தாள். அவர் கன்னை வாங்கிக் கம்ப்ரசரின் திருகைப் பாதி குறைத்தார். சத்தம் மாறியது. காதைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் குறைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் நில்லுங்க. என் வண்டி கிட்ட ஒருத்தி வரக்கூடாது."

அக்காவுக்குச் சுவரேறத் தெரியாது. நான் இடுப்பைப் பிடித்துத் தள்ளி ஏற்றி இந்தப் பக்கம் இறக்கினேன். என் ஜன்னலோரம் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அவர் தின்னர் டின்னைத் திறந்தார். முதல் கதவின் மேல் மூலையிலிருந்து குழி விழுந்த பிரைமரை வழித்துத் துடைக்க ஆரம்பித்தார்.